வரிக்குக் கீழ் ஒரு வரி

பனவடலிசத்திரத்தில் பஸ்ஸுக்கு நிற்கையில் யாராவது "பஸ்ஸு வந்துட்டு" என்றால் உள்ளூர்க்காரர்கள் பையைத் தூக்கிக்கொண்டு நகர்வார்கள். சென்னையிலிருந்து வந்தவர் நின்ற இடத்திலேயே நிற்பார். அவர் காதில் அந்த வாக்கியம் இன்னும் முடியவில்லை. வந்துட்டு என்ன ஆச்சு? நின்றதா, நிற்காமல் போய்விட்டதா? நெல்லைச் சீமையில் அது 'வந்துவிட்டது'. சென்னையில் 'வந்துவிட்டு'. எழுத்தில் பார்த்தால் ஒரு வித்தியாசமும் இல்லை.

இந்தப் பேச்சை ஒரு மொழியியல் மாணவி ஆய்வேட்டில் ஏற்ற வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். மேல் வரியில் பேச்சு, பேசியது பேசியபடி. அதன் கீழே ஒவ்வொரு சொல்லுக்கும் அடியில் அதன் உறுப்புகளுக்கான பொருளும் இலக்கணக் குறிப்பும். மூன்றாவது வரியில் முழுக் கருத்து. நமக்குப் புதிதொன்றுமில்லை. மூலம், பதவுரை, பொழிப்புரை என்று உரைகாரர்கள் காலங்காலமாகச் செய்துவந்ததுதான். ஆனால் நம் பதவுரை பத்தியாக ஓடிவிடும். இங்கே அது மூலத்தின் காலடியிலேயே, சொல்லுக்குச் சொல், நேர் கீழே நிற்க வேண்டும். தொல்லையே இப்படி நிற்பதில்தான் இருக்கிறது.

இதற்கென்று உலகெங்கும் மொழியியலாளர்கள் பின்பற்றுவது லைப்சிக் விதிகள். ஜெர்மனியின் லைப்சிக் நகரில் பெர்னார்டு காம்ரி, மார்ட்டின் ஹாஸ்பெல்மாத், பால்தஸார் பிக்கெல் ஆகியோர் சேர்ந்து வகுத்த பத்து விதிகள் அவை. முதல் விதி இடத்தைப் பற்றியது. மேல்சொல்லும் கீழ்க்குறிப்பும் இடப்பக்க விளிம்பில் ஒன்றுபோல் தொடங்க வேண்டும். அடுத்தது, மேலே எத்தனை சிறுகோடு போட்டு உறுப்பைப் பிரித்தோமோ கீழேயும் அத்தனை கோடு. ஒரே உறுப்பு இரண்டு வேலை பார்த்தால் குறிப்புகளுக்கு நடுவே புள்ளி. எல்லாம் சரிதான். ஆனால் தட்டச்சு செய்ய உட்காரும் பத்துப் பேரில் ஒன்பது பேர் இடைவெளிப் பட்டையைத் தட்டித் தட்டித்தான் சொற்களை நேர்நிறுத்துவார்கள். பழைய தட்டச்சுப் பொறியில் அது பலித்தது, ஒவ்வொரு தட்டுக்கும் உருளை ஒரே அளவு நகர்ந்தது. கணினி எழுத்துருவில் 'ர' ஒல்லி, 'ணை' பருமன். கண்ணால் பார்த்து நேராக்கியதைப் பாமினி எழுத்துருவிலிருந்து யூனிகோடுக்கு மாற்றிய மறுநிமிடம் ஒவ்வொரு குறிப்பும் பக்கத்துச் சொல்லின் கீழே போய் உட்கார்ந்திருக்கும். எழுவாயின் கீழே 'இறந்தகாலம்'. வினையின் கீழே வேற்றுமை. ஒரு எழுத்துக்கூட மாறவில்லை, இலக்கணம் மட்டும் தலைகீழ்.

ஈய எழுத்துக் காலத்தில் இப்படி வழுக்காது. அங்கே இடைவெளியும் ஒரு பொருள். எழுத்தைவிட உயரம் குறைந்த, மை படாத ஈயத் துண்டு அது. மெலிந்தது, தடித்தது, குவாட் என்று அகலத்துக்கு ஏற்பக் கேஸில் தனித்தனி அறை. கம்பாசிட்டர் எழுத்தைக் கையால் எடுப்பதுபோலவே வெற்றிடத்தையும் கையால் எடுத்து ஸ்டிக்கில் வைத்தார். ஒரு பக்கத்தைப் பூட்டித் தூக்கினால் அச்சாகாத இடத்தின் எடையும் சேர்ந்தே கையில் ஏறும். வெற்றிடம் இலவசமானது கணினியில்தான். இலவசமானதும் அதைக் கணக்குப் பார்ப்பதை விட்டுவிட்டோம்.

டொனால்டு கனூத் 1978-இல் டெக் என்ற அச்சுக்கோப்பு நிரலை வெளியிட்டபோது அந்தக் கணக்கைத் திரும்பக் கொண்டுவந்தார். அவர் ஏற்பாட்டில் எழுத்து ஒரு பெட்டி, சொல் ஒரு பெட்டி, நடுவே நீளவும் சுருங்கவும் தெரிந்த பசை. மொழியியலாளர்கள் இதன்மேல் கட்டிக்கொண்ட ஜிபி4இ போன்ற தொகுப்புகள் மேல்சொல்லையும் அதன் குறிப்பையும் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி ஒரே பெட்டியாக்குகின்றன. இரண்டில் எது அகலமோ அதுதான் பெட்டியின் அகலம். பெட்டிகளுக்கு நடுவே உள்ள பசைக்கு நீள 2 பாயிண்ட், சுருங்க 1 பாயிண்ட் என்று இடம் கொடுத்திருக்கிறார்கள். வரி மடிந்தாலும் ஜோடி பிரியாது. டெக் வேண்டாதவர்கள் கோடில்லாத அட்டவணை போட்டு அறைக்கு ஒரு சொல் வைத்தால் போதும், பாதி நோய் தீரும். இடைவெளிப் பட்டையை மட்டும் தொடக்கூடாது.

மீதிப் பாதி தமிழுக்கே உரியது. ஆங்கிலத்தில் இலக்கணக் குறிப்பைச் சிறிய தலைப்பெழுத்தில் போட்டுப் பொருளிலிருந்து பிரித்துக் காட்டுகிறார்கள். நம்மிடம் தலைப்பெழுத்து ஏது? அளவைக் குறைத்தோ தடிமனைக் கூட்டியோதான் காட்ட வேண்டும். மேல்வரியின் 'கூ' கீழே தொங்கவிடும் சுழியும் கீழ்வரியின் புள்ளியும் மோதிக்கொள்ளாமல் வரிகளை விலக்கவும் வேண்டும். பிறகு இந்த 'ஐ'. ஒற்றை எழுத்து, அதன் கீழே 'இரண்டாம் வேற்றுமை' என்று எழுதினால் மேலே அகலமான பொட்டல் விழுகிறது. '2 வே.' என்று சுருக்கிக்கொள்வதே நல்லது. எழுவாய்க்கு உருபே இல்லை. இல்லாத ஒன்றின் கீழே என்ன எழுதுவது? லைப்சிக்காரர்கள் அதற்கும் இடம் விட்டிருக்கிறார்கள். சதுர அடைப்புக்குள் எழுதலாம், அல்லது மேலே சுழியக் குறி இட்டு 'இங்கே இன்மை இருக்கிறது' என்று காட்டலாம்.

இப்போது 'வந்துட்டு'வை அச்சேற்றிப் பார்க்கலாம். சென்னைப் பேச்சென்றால் அதன் கீழே 'வா', 'விடு', வினையெச்சம் என்ற அளவில் முடிந்துவிடும். நெல்லைப் பேச்சென்றால் 'வா', 'விடு', இறந்தகாலம், அஃறிணை ஒருமை. கடைசி இரண்டும் அந்த 'ட்டு'வுக்குள் கரைந்து கிடப்பதால் நடுவே புள்ளி. குறிப்பு நீள்கிறது, பெட்டி அகல்கிறது, மேல்வரியில் அதே எழுத்துகளுக்குப் பக்கத்தில் வெள்ளை கூடுகிறது. காதுக்கும் கண்ணுக்கும் ஒன்றாகத் தெரிந்த இரு சொற்கள் இங்கேதான் வேறுபடுகின்றன, அதுவும் எழுத்தில் அல்ல, எழுத்துக்கு அப்பால் விட்ட இடத்தில். அசிங்கமாக இருக்கிறது என்று யாராவது அந்த இடத்தை இறுக்கினால் சத்திரத்துப் பேச்சைச் சென்னைப் பேச்சாக்கிவிட்டார் என்று அர்த்தம்.

ஆகவே அந்த வெள்ளையை அச்சுக் குறையாகப் பார்ப்பதை நான் விட்டுவிட்டேன். எந்த இரண்டு மொழிக்கும், ஒரே மொழியின் பேச்சுக்கும் அதன் இலக்கணத்துக்கும்கூட, அகலம் ஒத்துவராது. ஒன்று முடிந்த பிறகும் மற்றது பேசிக்கொண்டிருக்கும், முடிந்தது காத்திருக்கும். அடுத்த சொல்லில் காத்திருக்கும் முறை மாறும். ஒழுங்கு கேட்பது ஒன்றைத்தான்: இருவரும் ஒரே இடத்தில் தொடங்குங்கள். ஒரே இடத்தில் முடியச் சொல்லி எந்த விதியும் இல்லை. மொழிபெயர்ப்பைப் பற்றி நாம் போடும் சண்டைகளில் பெரும்பாலானவை முடிவும் ஒத்திருக்க வேண்டும் என்ற பிடிவாதத்தில் வருபவை என்று தோன்றுகிறது.

போர்ச்சுகல் மன்னர் மூன்றாம் ஜோவானின் ஆணைப்படி 1554 பிப்ரவரியில் லிஸ்பனில் ஒரு ஞானோபதேச நூல் அச்சானது. தமிழ் ரோமன் எழுத்தில், வரிக்கிடையே சொல்லுக்குச் சொல் போர்த்துக்கீசியம். இந்தியாவிலிருந்து போன வின்சென்ட் த நசரேத், ஜோர்ஜ் கர்வால்யோ, தொமே த குரூஸ் என்ற மூவர் பெயரில் வந்தது. தமிழ் முதன்முதலாக அச்சேறியதே வரிக்கு வரி நிறுத்தப்பட்டுத்தான். அன்று நம் ஏடுகளில் சொல்லுக்கும் சொல்லுக்கும் நடுவே இடமே கிடையாது, பெரும்பாலும் புள்ளிகூட இராது. எங்கே பிரிப்பது என்பது படிப்பவர் பொறுப்பு. பெயர்ப்பலகையில் ஒரே மூச்சாக எழுதிய 'பனவடலிசத்திர'த்தில் வடலியைக் கண்டுபிடிப்பதுபோல அவர் கண்டுபிடித்துக்கொண்டார். அந்தப் பொறுப்பை அச்சு தன் தலையில் ஏற்றிக்கொண்டது. 1950-களில் மர்ரே எஸ். ராஜம் பழைய இலக்கியங்களைச் சந்தி பிரித்து மலிவு விலையில் வெளியிட்டபோது சாதாரண வாசகருக்குப் பெரிய கதவு திறந்தது. புணர்ச்சியில் கெட்ட உகரத்தை மீட்டு எழுதினால் அசை கூடும், யாப்பு இடறும். கண்ணுக்குக் கிடைத்ததற்குக் காது விலை கொடுத்தது. அந்த வியாபாரம் லாபம்தான் என்பேன்.

தீராமல் நிற்பது சந்தியில் மிகும் ஒற்று. 'பணத்தைக் கொடு' என்பதில் அந்த 'க்' யாருடையது? அச்சில் முந்தின சொல்லோடு ஒட்டிக்கொள்கிறது, பிறந்ததோ பிந்தின சொல்லால். ஆய்வேடுகளில் சிலர் அதைத் தூக்கியெறிந்துவிட்டு உருபோடு நிறுத்துகிறார்கள். 'சந்தி' என்று கீழே எழுதுவோரும் உண்டு. என் கட்சி, மேலே அது இருக்கட்டும், சிறுகோடு வேண்டாம், அதன் கீழே ஒன்றும் எழுத வேண்டாம். மேற்பார்வையாளர் ஏன் என்று கேட்டால், இரண்டு சொற்கள் சந்திக்கும் இடத்துக்கென்றே நன்னூலார் உயிரீற்றுக்கு ஒன்று, மெய்யீற்றுக்கு ஒன்று எனத் தனித்தனி இயல் எழுதியிருக்கிறார், அதை ஓர் அறைக்குள் அடைக்கச் சொல்கிறீர்களா என்று மாணவி திருப்பிக் கேட்கலாம். மதிப்பெண் குறைந்தால் நான் பொறுப்பல்ல.