காசு யாருடையது?

1822ஆம் ஆண்டில் அமெரிக்க நாணயச்சாலை ஐந்து டாலர் பெறுமதியுள்ள பொற்காசுகள் 17,796 அச்சிட்டதாகக் கணக்குண்டு. இன்று எஞ்சியுள்ளனவாக அறியப்பட்டவை மூன்றே. அவற்றுள் இரண்டு அரும்பொருட் காட்சிச்சாலையில் உள்ளன. மூன்றாவது 2021இல் 84 இலட்சம் டாலருக்கு ஏலம் போயிற்று. ஏனையவற்றுக்கு நேர்ந்தது என்ன? சட்டம் விதித்த மதிப்பினும் அவற்றிலிருந்த பொன்னின் விலை உயர்ந்தது. எனவே இலாபம் கருதியோர் அக்காலக் காசுகளைப் பெருவாரியாக உருக்கிவிட்டனர்.

ஆகவே, சேகரிப்போனைப் பேராசைக்காரன் என்று மட்டும் பழித்துவிடுதல் நேர்மையாகாது. அவனது பேழை இல்லையேல் அந்த மூன்றாவது காசும் உலையில் உருகியிருக்கக்கூடும். ஆனால், பொன்னைக் காத்தவன் காசைக் காத்தவனாகிவிடுவானா? நாம் எழுப்பும் வினா இதுவே.

இவ்வினா நமக்கு அந்நியமானதன்று. உயிலங்குளத்து வயல்களிலிருந்து சில மைல் தொலைவில் மாந்தை என்னும் பழந்துறைமுகம் இருக்கிறது. 1980களின் முற்பகுதியில் அங்கு நடந்த அகழ்வு, சீனத்துடனும் பாரசீக வளைகுடாவுடனும் நிகழ்ந்த வாணிபத்தின் தடயங்களை வெளிக்கொணர்ந்தது. பின்னர் போர் வந்தது, பணி நின்றது.

இம்மண்ணை உழும் ஏழை ஒருவனின் கொழுமுனையில் பழங்காசொன்று தட்டுப்படுவதாகக் கொள்வோம். 1940ஆம் ஆண்டின் தொல்பொருட் சட்டப்படி, மண்ணுள் மறைந்து கிடந்த தொல்பொருள் அரசின் உடைமை. நிலவுடைமை மட்டும் அதன்மேல் உரிமை தராது. கோட்பாட்டளவில் இது சரியே. ஆயினும் வட்டிக்கடனில் மூழ்கியவனிடம் "இது பொதுச் சொத்து, ஒப்படைத்துவிடு" என்று உபதேசிக்கும் நாம், பணம்படைத்தவனின் பேழையை அதே குரலில் கேள்வி கேட்கிறோமா?

காசைக் காத்தல் என்பது அதன் சாட்சியத்தைக் காத்தலாகும். எந்த வயலில், எவ்வளவு ஆழத்தில், எந்தப் பானையோட்டுடன் கிடந்தது என்பது தெரிந்தால்தான் அது வரலாறு பேசும். யாழ்ப்பாணத்து ஆரியச்சக்கரவர்த்திகள் நந்தியும் 'சேது' என்னும் சொல்லும் பொறித்து வெளியிட்ட செப்புக்காசுகளைப் பாருங்கள். பொன்விலை மட்டும் அறிந்தவனுக்கு அவை வெறும் செம்பு. நமக்கோ, அவை சந்தைகளில் உப்புக்கும் நெல்லுக்கும் கைமாறிய மக்களின் உழைப்பு.

எனவே நமது கோரிக்கை இரண்டு. காசைக் கண்டெடுத்தவனுக்குத் தக்க பரிசும் மதிப்பும் கிடைக்கவேண்டும். காசு கிடந்த இடத்தைக் குறித்துவைக்கும் பழக்கத்தை ஆசிரியர்கள் மாணவர்க்கு ஊட்டவேண்டும். பொதுச் சொத்து என்று உரிமை கோரும் சமுதாயம், அதைக் கையளித்தவனின் பசிக்கும் பொறுப்பேற்க வேண்டும். அப்பொறுப்பை ஏற்காதவரையில், அவனை நோக்கித் திருடன் என்று விரல் நீட்ட நமக்கு உரிமையில்லை.