முருகைக்கல்லும் கழுவாயும்

அறிந்து செய்த தீங்கிற்குக் கழுவாய் தேடல் வேண்டுமென்பதில் யார்க்கும் ஐயமில்லை. அறியாது செய்த தீங்கிற்கு அது வேண்டுமோ, வேண்டுமாயின் எத்தன்மைத்தாதல் வேண்டும் என்பதே ஆராய்ச்சிக்குரியது. இவ்வினா எமக்கு ஏடுகளின் வழியாக எழுந்ததன்று. எம் இல்லத்துக் கிணற்றடியிற் கிடக்கும் ஒரு கல்லின் வாயிலாக எழுந்தது.

எம் ஊர் விருதுநகர்க்கும் சிவகாசிக்கும் இடைப்பட்டதொரு கரிசற் சிற்றூர். கடலைக் கண்ணாற் காணாமலே மூத்து மறைந்தவர் ஈண்டுப் பலர். எனினும், தூத்துக்குடித் துறைக்கும் விருதுநகர்ப் பேட்டைக்கும் உள்ள வாணிகத் தொடர்பு பழமையானது. எம் தந்தையார் 1960களில் வீடெடுத்த ஞான்று, சுண்ணாம்பிற்கென்று தூத்துக்குடியிலிருந்து கல் வந்து இறங்கியது. எம் மாவட்டத்திலேயே பந்தல்குடிப் பக்கம் சுண்ணாம்புக்கல் மிகுதியாயிருப்பவும், கடற்கல்லே வெண்மையிற் சிறந்ததென்று கொத்தர் வற்புறுத்தினராம். காளவாயிலிட்டு நீற்றியது போக எஞ்சிய கல்லொன்றை எம் அன்னையார் கிணற்றடியிற் போட்டு வைத்தனர். அதன் மேனி முழுதும் விண்மீன் வடிவாய சிறு குழிகள். பாதந் தேய்த்தற்கு அதனினும் ஏற்ற கல் வேறில்லை. அறுபதாண்டளவும் எம் குடும்பத்தார் அதிற் கால் தேய்த்தோம்.

சில ஆண்டுகட்கு முன்னர், எம்பால் தமிழ் பயின்று பின்னர்க் கடல்வாழுயிர்களைப் பற்றிய நூல் கற்ற மாணாக்கர் ஒருவர் எம்மைக் காண வந்தனர். கைகால் கழுவச் சென்றவர் கல்லைக் கண்டு அவ்வண்ணமே நின்றுவிட்டார். "ஐயா, இது கல்லன்று, முருகை. இக்குழி ஒவ்வொன்றும் ஓருயிர் குடியிருந்த அறை" என்றார். அன்றிரவு யாம் நன்கு துயின்றேமில்லை என்பதை மறைப்பானேன்?

முருகையாவது யாதெனின், கடலடியில் ஒன்றோடொன்று ஒட்டி வாழும் மிகச் சிறிய மெல்லுடல் உயிர்களின் தொகுதி. ஒவ்வோருயிரும் கடல்நீரிலுள்ள சுண்ணத்தை ஈர்த்துத் தனக்கொரு கிண்ணம் சமைத்துக்கொள்கின்றது. முன்னோர் கட்டிய கிண்ணத்தின்மேற் பின்னோர் கட்டப் பாறை வளர்கின்றது. திரண்ட வகை ஆண்டொன்றுக்கு ஒரு விரற்கடையளவும் வளர்தல் அரிது. கிளைத்த வகை சற்று விரையும். இவற்றின் உடலுள் நுண்ணிய பாசியுயிர் தங்கி, ஞாயிற்றொளி கொண்டு உணவாக்கி, உறையுளளித்த உயிர்க்கும் பகிர்ந்தளிக்கின்றது. தோற்றத்தாற் செடி, செய்கையாற் கல், உண்மையான் விலங்கு. தாவரத்தையும் நீர்வாழ்வனவற்றையும் வெவ்வேறு பிறப்பாக வகுத்தோதிய நம்மனோர் கண்ணுக்கும் இது தப்பியதில் வியப்பில்லை. பவளத்தை நவமணியுள் ஒன்றாக எண்ணிய நாம் அதனை ஈன்றது உயிரென்று எண்ணினோமில்லை. மேனாட்டாரும் அங்ஙனமே. 18ஆம் நூற்றாண்டிற் பெய்சொன்னேல் என்னும் பிரஞ்சு மருத்துவர், பவளத்திற் பூவென்று கருதப்பட்டது பூவன்று, உயிர்ப்பிராணியே என்று எழுதியபோது, அக்காலத்துப் பேரறிஞரும் அதனை ஏற்றிலர்.

ஆகவே, அறியாமை உண்மையே. ஆயினும் அவ்வறியாமையால் விளைந்த அழிவு சிறிதன்று. தூத்துக்குடி முதல் இராமேசுவரம் வரையுள்ள மன்னார் வளைகுடாவில் 21 தீவுகளைச் சூழ்ந்து முருகைப் பாறைகள் உள. ஆண்டுதோறும் வள்ளங்களிற் சென்று, கடப்பாரையால் அவற்றைப் பெயர்த்துச் சுண்ணாம்பிற்கும், கட்டடத்திற்கும், கார்பைடு ஆலைக்கும் கொணர்ந்தனர். ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 25,000 டன் எடுக்கப்பட்டதென்பது 1970களின் தொடக்கத்து மதிப்பீடு. பாறை போகவே அலையைத் தடுப்பாரின்றித் தீவுகள் கரைந்தன. பூவரசன்பட்டி, விலாங்குச்சல்லி என்னும் இரண்டும் நீருள் மூழ்கின. 1986இல் அரசினர் அப்பகுதியைக் கடல்சார் தேசியப் பூங்காவாக்கினர். 2001இல் முருகையினம் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதற் பட்டியலிற் சேர்ந்தது. புலிக்குள்ள காவல் அதற்கும் கிடைத்தது. 2004ஆம் ஆண்டின் ஆழிப்பேரலைக்குப் பின்னர், பாறை கரைக்கு அரணென்பதைக் கடற்கரை மக்களும் உணர்ந்தமையாற் கல்லெடுப்பு நின்றது.

இவற்றை எம் நண்பராகிய வணிகப் பெரியார் ஒருவர்க்கு உரைத்தோம். அவர் நகைத்து, "பண்டிதரே, உங்கள் தந்தையார் கடையில் விற்ற கல்லை விலைகொடுத்து வாங்கினார். உயிரென்று அறிந்தா வாங்கினார்? மனம் பொறுக்கவில்லையாயின் சொக்கநாதர் சந்நிதியில் ஒரு விளக்கேற்றிவிடும்" என்றனர். நல்லெண்ணத்தாற் கூறியதே. ஆயினும், அம்மொழி எமக்குத் திருவாரூர் மந்திரிமாரை நினைப்பித்தது.

மனுவேந்தன் மைந்தன் தேரூர்ந்து வருகையில் ஆன்கன்று ஒன்று ஒருவருங் காணாதபடி இடைப்புகுந்து ஆழியிற்பட்டு மாண்டது. அறிந்து செய்ததன்று; கண்டிருந்தால் தடுத்திருப்பான். தாய்ப்பசு ஆராய்ச்சி மணியை அசைப்ப, மந்திரிமார் நூல் விதித்த கழுவாயை இளங்கோவுக்குச் செய்வித்தலே வழியென்றனர். வேந்தன் அதனை மறுத்தான். மறுத்ததன் காரணத்தை நாம் பலகாற் கேட்டும் ஆழ்ந்து சிந்திப்பதில்லை. கழுவாயே கூடாதென்று அவன் சொல்லவில்லை. அக்கழுவாய் கன்றிழந்து கதறும் பசுவின் நோய்க்கு மருந்தாகுமோ என்று வினவினான். செய்தவன் மனம் ஆறுதற்குரிய கழுவாய் வேறு; தீங்குற்றவர்பாற் சென்று சேருங் கழுவாய் வேறு. முன்னையது எளிது, விளக்கெண்ணெய்ச் செலவோடு முடிவது. பின்னையதை நாடினோனையே வரலாறு போற்றுகின்றது. இளங்கோவின் அறியாமையை யாரும் மறுத்திலர். பசுவின் இழப்பு அதனாற் சிறுமையுற்றதுமில்லை.

இவ்வழி நோக்குழி, கல்லெடுத்தலை நிறுத்தினமையே போதுமென்பதும் பொருந்தாது. நிறுத்தல் மேலுந் தீங்கு செய்யாமை; செய்ததற்கு ஈடன்று. தூத்துக்குடியிலுள்ள சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிறுவனத்தார் 2002 முதல் முருகையை மீள நடும் பணியை இயற்றி வருகின்றனர். நலமுள்ள பாறையினின்று சிறு கிளைத் துண்டுகளைக் கொணர்ந்து, சிமிட்டிப் பலகையிற் கட்டி, சட்டங்களின்மேற் கடலடியில் நிறுத்துகின்றனர். பின்னர்ப் பலகாலும் மூழ்கிச் சென்று, மூடும் பாசியைக் களைந்து, வளர்ச்சியை அளக்கின்றனர். பயிர்க்குக் களையெடுப்பது போன்றதே இது. ஆயின், நீருள் மூழ்கிச் செய்யுங் களையெடுப்பு. வான் தீவின் எஞ்சிய நிலத்தைக் காத்தற்பொருட்டு, 2015 முதல் துளையுடைய சிமிட்டிக் கட்டுகளைக் கடலில் இறக்கி அலையின் வேகத்தைத் தணித்தனர்.

இப்பணியில் மனிதன் செய்வது சிறிது என்பதை மாணாக்கர் எமக்கு விளக்கினார். "நாங்கள் வளர்ப்பதில்லை ஐயா, வளர்வதற்கு இடங்கொடுக்கிறோம்" என்றார். சுண்ணத்தை ஈர்ப்பதும், கிண்ணஞ் சமைப்பதும், கிளைப்பதும் அவ்வுயிரே. திருவாரூரில் இறைவன் அருளாற் கன்று அப்பொழுதே எழுந்தது. ஈண்டு அங்ஙனமில்லை. ஒருநாளிற் பெயர்த்த பாறை நூறாண்டில் நிரம்பினால் நன்று.

ஈண்டு ஒரு தடை எழும். நடக் கற்றுக்கொண்டோமாதலின், உடைப்பினும் குற்றமில்லையே என்று ஒருவர் கூறக்கூடும். துறைமுகத்திற்கோ ஆலைக்கோ ஒரு பாறை இடையூறாயின், ஈண்டு உடைத்து ஆண்டு நடுவோம் என்னும் பேச்சு உலகிற் பலவிடத்துங் கேட்கப்படுகின்றது. இது மருந்துண்டென்று நஞ்சுண்பார் கூற்று. மேலும், கடப்பாரை நின்றபின்னும் வெப்பம் நின்றிலது. வேனிலிற் கடல்நீர் 30 பாகைக்கு மேற் பன்னாள் சூடேறி நிற்பின், முருகை தன்னுட் பாசியை உமிழ்ந்து வெளிறுகின்றது. சூடு தணியின் பிழைக்கும். தணியாதாயின் பட்டினியால் மாயும். 2016இல் மன்னார் வளைகுடாவில், நூற்றுக்கு ஏறத்தாழ 39 பங்காயிருந்த உயிர்ப்பாறை சில திங்களில் 23 பங்காகக் குறைந்தது. அமெரிக்க நாட்டுப் ப்ளோரிடாக் கடலில், பல்லாண்டு பாடுபட்டு நட்ட முருகை 2023ஆம் ஆண்டின் ஒரே வேனிலிற் பெரிதும் அழிந்தது. நட்டவர் குற்றமன்று. அவ்வெப்பத்தை மூட்டியவர் உலகெங்கும் பரந்திருக்கின்றனர். மின்விளக்கின்கீழ் இருந்து இதனை எழுதும் யாமும் அவருள் ஒருவரே.

அங்ஙனமாயின் கழுவாய்க்குரியோர் யார்? மூழ்கிக் கல்லெடுத்த கூலியாளர் மேற் பழியை ஏற்றுதல் எளிது. பட்டாசு விளையும் இந்நாட்டினராகிய நாம் அத்தவற்றைச் செய்தல் கூடாது. மருந்து கலக்குங் கை ஒன்று. திரி கொளுத்திக் களிக்குங் கை வேறொன்று. 2012 செப்டம்பர் 5ஆம் நாள் முதலிப்பட்டியில் நிகழ்ந்த வெடிவிபத்தில் 30க்கு மேற்பட்டோர் மாண்டனர். தீபாவளிக்கு வெடி வாங்கும் தொலைநாட்டார் தம்மை அதனோடு தொடர்புடையராக எண்ணியதுண்டோ? இல்லையே என்று நாம் வருந்துகின்றோம். அவ்வருத்தம் நேர்மையுடையதாயின், மூச்சடக்கி மூழ்கியவன் கையும், நிழலிலிருந்து விலை பேசிய நம் கையும் ஒரு திரியின் இரு முனைகளே என்று கொள்ளல் வேண்டும். கல் எடுத்தவனுக்கு அரைவயிற்றுக் கூலி, நமக்கு வெண்சுவர். கல்லெடுப்பு நின்றபோது பிழைப்பிழந்தவனும் அவனே. ஈட்டின் சுமையும் அவன் தலையிலேயே ஏறுமாயின், அதனை அறமென்று எப்பெயரால் அழைப்பது?

வணிக நண்பரிடம் இவையெல்லாங் கூறினோம். அவர் நெடுநேரம் வாளாவிருந்து, "என் பாட்டனார் கட்டிய கிட்டங்கியும் அந்தக் கல்தான்" என்றார். பின்னர், அக்கரையிற் கல்லெடுத்தவர் குடும்பத்துப் பிள்ளைகள் இப்போது எவ்வாறு பிழைக்கின்றனர் என்று வினவினார். யாம் அறியோம் என்றோம். அறிந்து வரலாம் என்று அவரே புறப்பாட்டிற்கு நாள் குறித்துள்ளார். விளக்கைப் பற்றிய பேச்சு அதன்பின் எழவில்லை.

எம் கிணறு வற்றிப் பன்னெடுநாளாயிற்று. கல் ஆங்கேயே கிடக்கின்றது. குழிகளிற் பாதி, எங்கள் கால் பட்டுத் தேய்ந்து மறைந்துவிட்டன. மற்றப் பாதியை எம் பேரன் குச்சியால் தொட்டுத் தொட்டு எண்ணிக்கொண்டிருக்கின்றான்.