நெருப்பு எங்கே?

எங்கள் தருமபுரிப் பக்கம் நடுகல்லுக்குப் பஞ்சமே கிடையாது. ஏரிக்கரையிலும் வரப்போரத்திலும் நிற்கும் வீரனை வேடியப்பன் என்று கும்பிட்டுப் பொங்கலிடுகிறோம். மாரண்டஹள்ளியிலிருந்து ஒருமுறை மாணவிகளைத் தருமபுரி அகழ்வைப்பகத்துக்கு அழைத்துப் போயிருந்தேன். கல்லுக்குக் கல் வாளும் வில்லும். ஒருத்தி கேட்டாள்: "அவர் பக்கத்துல நிக்கற அம்மா கையில என்ன மேடம்?"

சில கற்களில் எலுமிச்சை, சிலவற்றில் சிறு குடம் என்றேன். கணவனோடு தீயில் இறங்கியவள் என்றும் சொன்னேன்.

"அப்ப நெருப்பு எங்க?"

எனக்குப் பதில் வரவில்லை. ஆயுத விஷயத்தில் நடுகல் செதுக்கியவர்கள் எதையும் மறைப்பவர்களல்லர். வீரனின் உடம்பில் தைத்த அம்பைக்கூடச் செதுக்கியிருக்கிறார்கள். மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டில் எழுந்த எடுத்தனூர் நடுகல்லில், கள்வரைக் கடித்த நாய்க்கும் உருவம் உண்டு. கோவிவன் என்று பெயரும் உண்டு. நான் பார்த்த சதிக்கற்களில் ஒருத்திக்கும் பெயர் இல்லை. அவளைக் கொன்ற தீயும் இல்லை. வளையல் மட்டும் இருக்கிறது.

ஐரோப்பாவின் மறுமலர்ச்சிக் கால ஓவியர்களின் வழக்கம் வேறு. அவர்கள் வரைந்த புனிதர்கள் தங்களை வதைத்த கருவியையே ஏந்தி நிற்பார்கள். பர்த்தலோமேயுவின் கையில் தோலுரித்த கத்தி. கேத்தரீனை ரஃபேல் 1507 வாக்கில் வரைந்தபோது, அவளைச் சிதைக்கக் கொண்டுவந்த சக்கரத்தின் மேலேயே சாய்ந்து நிற்க வைத்தார். திண்டில் சாய்ந்தவள் போல இருக்கிறாள்; அந்த அழகின் மேல் எனக்குக் கோபம் உண்டு. சுமார் தொண்ணூறு ஆண்டுகள் கழித்து கரவாஜ்ஜியோ அவள் கையில் வாளைக் கொடுத்தார். அவள் நான்காம் நூற்றாண்டுப் பெண். வாளோ ஓவியரின் காலத்து ஆண்கள் இடுப்பில் கட்டித் திரிந்த மெல்லிய நீள்வாள். படத்தைப் பார்த்தவர்களுக்கு அந்த வாள் பழங்கதையாகத் தெரிந்திருக்காது. அவர்கள் வீட்டுச் சுவரிலும் அதுதானே தொங்கியது.

பெரியம்மா வீட்டுக் கூடத்தில் அக்காவின் படம் மாட்டியிருக்கிறது. மல்லிகைச் சரம், குங்குமம், சின்னதாய் ஒரு சிவப்பு பல்பு. கல்யாணமான இரண்டாம் வருடம் ஸ்டவ் வெடித்துவிட்டதாகச் சொன்னார்கள். ஸ்டவ் நசுங்காமல் முழுசாக இருந்ததைப் பெரியம்மா தன் கண்ணால் பார்த்தார். அதைச் சொல்ல அவரை யாரும் கூப்பிடவில்லை.

அந்த மண்ணெண்ணெய் ஸ்டவ்வை அக்காவின் கையில் கொடுத்து ஒரு படம் வரையலாமா? நினைத்தாலே உடம்பு கூசுகிறது. கொன்றதைச் செத்த பிறகும் அவளையே சுமக்க வைப்பது என்ன நியாயம்? பெரியம்மா அந்தப் படத்தை எப்படித் தினமும் பார்ப்பார்? கல் செதுக்கியவனும் ஒருவேளை இப்படி இரக்கப்பட்டுத்தான் தீயை விட்டுவிட்டானோ என்று ஒருநாள் யோசித்தேன். இரக்கம்தான் என்றாலும், அதனால் யார் தப்பித்தார்கள் என்றும் கேட்கவேண்டியிருக்கிறது.

அக்காவின் தம்பி மகள், அத்தை காய்ச்சலில் போனாள் என்றே இத்தனை வருடமும் நினைத்திருக்கிறாள். போன தை மாதம் அவளைப் பெண் பார்க்க வந்தார்கள். கூடத்தில் பாய் விரித்து, அந்தப் படத்துக்குக் கீழேதான் அவளை உட்கார வைத்தார்கள்.