வயதாகாத காத்திருப்பு

ராஜபாளையத்தில் இயற்பியல் கற்பித்த நாட்களில், சீசியம்-137 மூலத்திலிருந்து பேரியத்தைப் பிரித்து, கெய்கர் கருவியின் கீழ் வைத்து, அரை நிமிடத்துக்கு ஒருமுறை எண்ணிக்கை குறிப்போம். கிளர்வுற்ற பேரியம் அணுக்கரு பெரும்பாலும் காமாக் கதிரை உமிழ்ந்து அடங்கும். அரை ஆயுள் சுமார் 2.55 நிமிடம். கூட்டத்தில் பாதி அடங்கும் நேரத்தைச் சொல்லிவிடலாம். இந்த ஒன்று எப்போது அடங்கும்? எந்தக் கருவியும் சொல்லாது. பத்து நிமிடம் காத்திருந்ததும் இப்போது பிறந்ததும் அங்கே ஒன்றே. காத்திருப்பால் அணுக்கருவுக்கு வயதாவதில்லை.

அப்படியானால் ஊழ் எங்கே எழுதப்பட்டிருக்கிறது?

இந்தக் கேள்வியோடுதான் மார்கழி விடியலில் ஸ்ரீவில்லிபுத்தூர் பேருந்தில் ஏறுவேன். ஆண்டாள் சன்னதியில் நிற்கையில் மனம் தெளியும். நாள் குறிக்காத காத்திருப்பிலும் ஓர் ஒழுங்கு உண்டு. அருள் வரும் கணத்தை என்னால் கணக்கிட முடியாது. அதனால் அருளே இல்லையென்று ஆகிவிடாது.