இல்லாத பொருளைத் துறப்பது எப்படி?

2025 ஜனவரி 7 முதல் 10 வரை லாஸ் வேகாஸில் சி.இ.எஸ். என்கிற நுகர்வோர் மின்னணுக் கண்காட்சி நடந்தது. 4,500க்கும் மேற்பட்ட நிறுவனங்கள் கடைவிரித்தன. 1,41,000 பேருக்கு மேல் வந்துபோனார்கள். அதே நான்கு நாட்களும் நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. மைதானத்தில் சென்னைப் புத்தகக் காட்சி. சுமார் 900 அரங்குகள், நுழைவுக் கட்டணம் 10 ரூபாய். ஆசையின் இலக்கணம் தெரியவேண்டுமென்றால் இந்த இரண்டு கூட்டங்களையும் சேர்த்துப் பார்ப்பது நல்லது.

1967இல் நியூயார்க்கில் தொடங்கிய சி.இ.எஸ்.ஸுக்கு முதல் தடவை போகும் சென்னைக்காரருக்குச் சட்டென உறைப்பது, அது கடைத்தெரு அல்ல என்பதுதான். பொதுமக்களுக்கு அனுமதியே கிடையாது. துறை சார்ந்தவர்கள் மட்டும் போகலாம். தீவுத்திடல் பொருட்காட்சியில் டெல்லி அப்பளத்தைக் கடித்துக்கொண்டே பேரம் பேசிப் பழகியவருக்கு அங்கே பர்ஸைத் திறக்க வேலையில்லை. பார்க்கலாம், தொடலாம், விசிட்டிங் கார்டு மாற்றிக்கொள்ளலாம். காட்டப்படுவதில் பலவும் இன்னும் விற்பனைக்கே வராத மாதிரிகள். சில வரவே வராது.

சுருட்டி வைக்கும் டிவியையே எடுத்துக்கொள்ளலாம். 2018 காட்சியில் எல்ஜி அதன் மாதிரியைக் காட்டியபோது, பெட்டிக்குள் இருந்து திரை மேலே எழும்புவதைப் பார்க்க ஜனம் மொய்த்தது. 2020 அக்டோபரில் அது தென்கொரியாவில் விற்பனைக்கு வந்தது. விலை 10 கோடி வோன். அன்றைய கணக்கில் 60 லட்சம் ரூபாய்க்கு மேல். அந்த விலைக்கு வாங்க எத்தனை பேர் இருப்பார்கள்? சில வருடங்களில் அதன் தயாரிப்பும் நின்றது. 2010இல் இதே காட்சியை ஆட்டிப்படைத்த முப்பரிமாண டிவிக்கு இன்னும் மோசமான முடிவு. கடைசிவரை தாக்குப்பிடித்த எல்ஜியும் சோனியும்கூட 2017இல் கைவிட்டுவிட்டன. ஆனால் ஆசைப்பட்டவர்கள் ஆசைப்பட்டது பட்டதுதான்.

இங்கேதான் நம் பழைய துறவிகள் கொஞ்சம் தடுமாறுவார்கள். பட்டினத்தார் கதை எல்லோருக்கும் தெரியும். காவிரிப்பூம்பட்டினத்துக் கடல் வணிகர். வளர்ப்பு மகன் விட்டுப்போன பேழையில் காதறுந்த ஓர் ஊசி. அதைக் கண்டதும் அத்தனை செல்வத்தையும் உதறிவிட்டு நடந்தார். அவர் சமாதி இன்றும் திருவொற்றியூர்க் கடற்கரையோரம் இருக்கிறது. மகாபாரதத்து யயாதியோ மகன் பூருவின் இளமையைக் கடன் வாங்கி ஆயிரம் ஆண்டு அனுபவித்தபின், ஆசை தீரும் வழி இதுவல்ல என்று இளமையைத் திருப்பிக் கொடுத்தான். ஏதென்ஸ் சந்தையில் குவிந்திருந்த சரக்கைப் பார்த்து, தனக்குத் தேவைப்படாதவை இத்தனையா என்று சாக்ரடீஸ் வியந்ததாக டயோஜினீஸ் லயர்ட்டியஸ் எழுதிவைத்திருக்கிறார்.

மூவர் முன்னும் பொருள் இருந்தது. சாக்ரடீஸ் கண்ணால் கண்டதை வேண்டாம் என்றார். மற்ற இருவரும் கைநிறைய வைத்திருந்து, அலுத்து அல்லது அதிர்ந்து, விட்டார்கள். சி.இ.எஸ். அரங்கில் அலுப்புக்கு இடமில்லை. அனுபவித்தால் அல்லவா அலுக்கும்? அடுத்த வருடம் வரும் என்று சொல்லப்படுவதை யாரும் அனுபவித்து முடிக்க முடியாது. அதனால் அதை விடவும் முடிவதில்லை.

வள்ளுவர் இதை எதிர்பார்த்தவர்போல அதிகாரங்களை அடுக்கியிருக்கிறார். 35ஆவது துறவு, 37ஆவது அவா அறுத்தல். இரண்டும் ஒன்றுதானே, எதற்கு இரண்டு? அதுவும் நடுவில் மெய்யுணர்தல் வேறு. குறளுக்கு உரை எழுதிய பரிமேலழகர் சொல்லும் காரணம் அழகானது: துறந்து, மெய்யும் உணர்ந்தவருக்குக்கூட, விட்ட புலன்களின்மேல் பழைய பயிற்சியால் நினைவு போகக்கூடும். ஆக, வீட்டைக் காலிசெய்தால் துறவு முடிந்துவிடலாம், அவா முடியாது. அது மனத்தின் பழக்கம். அந்தப் பழக்கத்துக்குப் பொருள் கையில் இருக்கவேண்டிய அவசியமே இல்லை. மாதிரியைக் காட்டினாலே போதும் என்பதைக் கண்காட்சி நடத்துகிறவர்கள் உரை படிக்காமலே தெரிந்துவைத்திருக்கிறார்கள்.

இதற்காக லாஸ் வேகாஸையே மாயை என்று ஒதுக்குவது சோம்பேறித்தனம். 2024இல் அங்கே எஸிலோர்லக்ஸாட்டிகா நிறுவனம் மூக்குக்கண்ணாடியிலேயே செவித்துணைக் கருவியைப் பொருத்திக் காட்டியது. காது மந்தமானவர் அதை விரும்புவதை அவா என்று கடிந்துகொள்ள எந்தத் துறவிக்கும் மனம் வராது. சிக்கல் என்னவென்றால், அதே கூடத்தில், அதே வெளிச்சத்தில், தேவையும் வேடிக்கையும் ஒரே குரலில் கூப்பிடுகின்றன. பிரித்துப் பார்க்கும் வேலை பார்வையாளர் தலையில் விழுகிறது.

சரி, நந்தனம்? செல்போன் வெறியர்களைக் கேலிசெய்யும் பலர் ஜனவரியில் இரண்டு கையிலும் பை தொங்க அங்கிருந்து திரும்புகிறார்கள். போன வருடம் வாங்கியதில் பாதி பிரிக்கப்படாமலே அலமாரியில் இருக்கும். படிக்கப்போகும் தன்னைப் பற்றிய கற்பனையைத்தான் அவர்கள் விலைகொடுத்து வாங்குகிறார்கள். அதுவும் ஒரு மாதிரிதான், தயாரிப்புக்கு வராதது. புத்தகம் என்பதால் பரிமேலழகர் சலுகை தருவாரா என்பது சந்தேகமே. ஒரே வித்தியாசம், இங்கே நின்றபடியே பத்துப் பக்கம் புரட்டிவிட்டு, பிடிக்கவில்லை என்று அடுக்கிலேயே வைத்துவிட்டு வரலாம். கடைக்காரரும் ஒன்றும் சொல்லமாட்டார்.