கோயிலில் ஐந்து நிமிடம் உட்காருவோமா?

"நேரமே இல்ல!" நம்மில் பலர் தினமும் சொல்லும் வார்த்தை இது. நானும் சொன்னவன்தான். வேலை, சாலை நெரிசல், வாட்ஸ்அப் குழுக்கள், அதோடு இளைஞர் பிரிவு நிகழ்ச்சிகள். இதில் என்னைப் பற்றி நானே யோசிக்க நேரம் ஏது?

சாமி கும்பிட்டு, பிரகாரம் சுற்றி வந்த பிறகு கோயிலில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டுத்தான் வீட்டுக்குக் கிளம்ப வேண்டும் என்று பாட்டி எப்போதும் சொல்வார். நானோ திருநீறு பூசிய கையோடு கைப்பேசியை எடுத்துக்கொண்டு காருக்குப் போய்விடுவேன்.

போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை பாட்டியைக் கோயிலுக்கு அழைத்துப் போனேன். கைப்பேசியில் பேட்டரி தீர்ந்துவிட்டது. வேறு வழியில்லாமல் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். முதலில் கை சும்மா இருக்கவில்லை; சட்டைப் பையையே தேடியது. அப்புறம், கூப்பிடாமலேயே ஒரு முகம் மனதில் வந்தது. அன்னதானத்தின்போது சாம்பார் வாளியைக் கவிழ்த்துவிட்ட ஒரு தம்பி. அவனை எல்லார் முன்னாலும் திட்டியிருந்தேன். அதற்குப் பிறகு அவன் தொண்டுக்கு வரவேயில்லை. 'ஏதாவது வேலை இருக்கும்' என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். உள்ளுக்குள் காரணம் தெரியும். உட்கார்ந்தால் இதெல்லாம் வரும் என்றுதான் இத்தனை நாள் ஓடிக்கொண்டிருந்தேனோ?

"தொண்டு செஞ்சா போதாதா? தனியா உட்கார்ந்து யோசிக்கணுமா?" என்று நண்பர் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. அடுத்தவர் பசியைக் கவனிக்காமல் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தால் அது ஆன்மீகமாகாது. ஆனால் அன்று நான் செய்துகொண்டிருந்ததும் தொண்டுதானே! பலருக்குச் சோறு போட்டேன். ஒருவன் மனதை நோகடித்தேன். சோறு போட்டது படங்களாகக் குழுவில் வந்தது. மற்றதை நானாகப் பார்த்தால்தான் உண்டு.

திருக்குறளில் 'குற்றங்கடிதல்' என்று ஓர் அதிகாரமே இருக்கிறது. 44ஆவது அதிகாரம். வள்ளுவர் அதைத் துறவிகளுக்குச் சொல்லும் இடத்தில் வைக்கவில்லை. பொருட்பாலில், அரசனுக்குச் சொல்லும் பகுதியில் வைத்திருக்கிறார். ஆயிரம் வேலை உள்ளவனுக்கே அது சொல்லப்பட்டது என்றால், நமக்கு நேரமில்லை என்பது எந்த மூலைக்கு?

அன்றிரவே தம்பியைக் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டேன். கொஞ்ச நேரம் அவன் பேசவில்லை. பிறகு, "பரவால்லண்ணே" என்றான். இன்னும் தொண்டுக்குத் திரும்பவில்லை. காத்திருக்கிறேன்.

இப்போதெல்லாம் கைப்பேசியைக் காரிலேயே வைத்துவிட்டுத்தான் கோயிலுக்குள் போகிறேன். நீங்களும் அடுத்த முறை ஐந்து நிமிடம் உட்கார்ந்து பாருங்கள். யார் முகம் வந்தாலும் விரட்டாதீர்கள்.