அச்சமா, பொறுப்பா?

அமெரிக்க உளவியலாளர் டயானா பாம்ரிண்ட் 1966இல் பெற்றோரின் அதிகாரத்தை மூவகைப்படுத்தினார்: காரணம் கூறாது பணியவைத்தல், கேட்டதற்கெல்லாம் இசைதல், காரணத்தை விளக்கி உறுதியாக நிற்றல். இம்மூன்றின் சாயலையும் வகுப்பறையில் காணலாம். அடிக்கு அஞ்சியே பணிந்த பிள்ளை, ஆசிரியர் கரும்பலகைப் பக்கம் திரும்பியதும் கட்டுப்பாட்டை மறந்துவிடக்கூடும். மறுப்பையே அறியாத பிள்ளைக்கோ, தன் முறை வரும்வரை காத்திருப்பதும் தண்டனையாகத் தோன்றும்.

“கண்ணை மட்டும் விட்டுவிட்டுத் தோலை உரித்துவிடுங்கள்” என்று ஆசிரியரிடம் சொல்லும் பெற்றோர், தம் கடமையைப் பிரம்பிடம் ஒப்படைக்கிறார்கள். 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு உடல்தண்டனையைத் தடைசெய்கிறது. ஆனால் பிரம்பு விலகிய இடத்தில் எதை வைப்பது என்பதைச் சட்டம் மட்டும் தீர்த்துவிட முடியாது.

பழி முழுவதும் பெற்றோருடையதன்று. பிள்ளையின் இயல்பு, நெரிசலான வகுப்பு, வீட்டின் வறுமை ஆகியவற்றுக்கும் இதில் பங்குண்டு. நாள் முழுதும் உழைத்துக் களைத்து வரும் தாய்தந்தையர்க்கு விளக்குவதைவிட அதட்டுவது எளிது. ஆயினும், யாரும் காணாதபோதும் நிலைப்பதே ஒழுக்கம் அன்றோ? “ஏன் கூடாது?” என்னும் பிள்ளையின் கேள்விக்கு நாம் பொறுமையுடன் விடையளிக்கவேண்டும், விடையளித்தபின் அழுகைக்கு இளகாமலும் நிற்கவேண்டும்.